எட்டாவது ஆளாக நடந்தவள்

பேய், பிசாசு, காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் நீங்கள் என்னை ஒரு பார்வை பார்ப்பீர்கள், அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், எத்தனையோ பேரை நானே அப்படிப் பார்த்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. மைக்ராஸ்கோப்பில் தெரிந்தால் உண்டு, தெரியாவிட்டால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன், அதுகூட பழக்கத்தில்தான்.

என் பெயர் பிலோமினா. வீடு மூலக்குளத்தில். கணவர் போய் ஆறு வருடமாகிறது, ஒரே மகள் நிவேதா சென்னையில் வேலை பார்க்கிறாள். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, நட என்று டாக்டர் சொன்னதால் எங்கள் தெருப்பக்கம் காலையில் நடக்கிற குழுவில் சேர்ந்தேன். மொத்தம் எட்டுப் பேர். அந்துவான் என்று ஒருவர்தான் தலைவர் மாதிரி, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், சிப்பாய்க்கு எங்கள் ஊரில் சொல்தா, அதனால் எல்லோரும் சொல்தா அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். கழுத்தில் விசில் மாட்டியிருப்பார், கிளம்பும்போது “அலோன், அலோன்” என்பார், பிரெஞ்சில் போகலாம் என்று அர்த்தம், அதற்கு மேல் யாரும் நின்று பேசக்கூடாது. என்னைச் சேர்த்துவிட்டது கலா. பக்கத்துத் தெரு, பதினைந்து வருடப் பழக்கம், தையல் கடை வைத்திருக்கிறாள். எனக்குத் தோழி என்று சொல்லிக்கொள்ள இருப்பது அவள் ஒருத்திதான்.

வருடத்துக்கு ஒரு முறை, மார்கழியில், சொல்தா அண்ணன் எங்களை வெளியே எங்காவது கூட்டிப்போவார். போன வருடம் அவர் போட்ட வழி இது. வீராம்பட்டினம் கடற்கரையில் இறங்கி, முகத்துவாரம் வரை மணலில் நடந்து, அங்கிருந்து ஆற்றங்கரை மேலேயே அலையாத்திப் புதர்கள் வழியாக அரியாங்குப்பம் மெயின் ரோட்டுக்கு வந்துவிடுவது. அந்த மழைக்காலம் பலமாகப் பெய்து ஓய்ந்திருந்ததால் கரையெல்லாம் சேறு. அதுதான் நன்றாக இருக்கும் என்றார்.

டெம்போவில் போகும்போதே தகராறு. கலாவின் வீட்டுக்காரர் மறுபடி குடிக்க ஆரம்பித்திருந்தார், அதை அவள் என்னிடம் மட்டும் அழுது சொல்லியிருந்தாள். நான் வாய் வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் குழுவில் இன்னொருத்தியிடம் சொல்லிவிட்டேன், கெட்ட எண்ணத்தில் இல்லை, பேச்சுவாக்கில் வந்துவிட்டது. அந்த அம்மா டெம்போவில் எல்லோர் முன்னாலும் அக்கறையாக, “வீட்டுக்காரரு இப்ப எப்பிடிம்மா, விட்டுட்டாரா?” என்று கேட்டுவிட்டார். கலா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஒன்ன நம்பி சொன்னேன் பாரு” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மன்னித்துக்கொள் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். எனக்கு அந்த வார்த்தை வராது. தப்பு என் மேல் என்று தெரிந்தால் இன்னும் வராது. “ஊருக்கே தெரிஞ்சதத்தானே சொன்னேன்” என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

விடிகிற நேரத்தில் இறங்கி நடந்தோம். பனி அப்படி ஒரு பனி, கடல் சத்தம் கேட்கிறது, கடலைக் காணோம். முகத்துவாரம் தாண்டி ஆற்றங்கரை ஏறியதும் ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் சவுக்கு, ஒரு பக்கம் புதர், புதருக்குக் கீழே கறுப்புச் சேறு, அதில் பென்சில் நட்டு வைத்த மாதிரி வேர்கள் மேல்நோக்கி நின்றன. நான் கடைசி ஆளாக வந்தேன். கலா எனக்கு ஏழெட்டடி முன்னால். என் போன்கூட அவள் பையில்தான் இருந்தது, கேட்டு வாங்கவும் ரோஷம் விடவில்லை.

வெளிப்படையாகவே சொல்கிறேன், எனக்கு அவசரமாக ஒன்றுக்குப் போகவேண்டியிருந்தது. வேறு நாளாக இருந்தால் “கலா, நில்லுடி” என்றிருப்பேன். அன்று ஒன்றும் சொல்லாமல் கரையிலிருந்து இறங்கிப் புதருக்குப் பின்னால் போனேன். திரும்பும்போது வந்த தடத்தில் வராமல், குறுக்கே ஏறினால் சீக்கிரம் பிடித்துவிடலாம் என்று ஒரு சின்ன வாய்க்காலைத் தாண்டக் கால் வைத்தேன். பார்க்கக் கெட்டித் தரை மாதிரிதான் இருந்தது. வலது கால் தொடை வரைக்கும் உள்ளே போனது. அதை இழுக்க இடது காலை ஊன்றினேன், அதுவும் போனது. ஒரு கிளையைப் பிடித்தேன், ஒடிந்து கையோடு வந்தது. இடுப்பு வரை இறங்கி நின்றுவிட்டேன்.

முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் காலை அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. கீழே யாரோ இரண்டு கணுக்காலையும் பிடித்து வைத்திருக்கிற மாதிரி. அசைக்க அசைக்க இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது.

“கலா! சொல்தா அண்ணே!” என்று கத்தினேன். விசில் சத்தம் கேட்டது, ரொம்பப் பக்கத்தில்தான். புதரில் ஒரு இடைவெளி, அது வழியாக ஒரு ஐம்பதடி தூரத்தில் கரை தெரிந்தது, பனி கொஞ்சம் விலகியிருந்தது. பாதை அங்கே வளைந்து வருவதால் அவர்கள் என் கண்ணெதிரே கடந்துதான் போகவேண்டும். நல்லவேளை என்று நினைத்தேன்.

வந்தார்கள். முதலில் சொல்தா அண்ணன். பின்னால் ஐந்து பேர் வரிசையாக. அதற்குப் பின்னால் கலா. கலாவுக்குப் பக்கத்தில் ஒருத்தி.

நிவேதா காலேஜில் போட்ட நீல ஸ்வெட்டர் ஒன்று, முதுகில் வெள்ளைப் பட்டை போட்டது, அதை நான்தான் குளிர்காலத்தில் போடுவேன். அன்றும் போட்டிருந்தேன். கரையில் கலா பக்கத்தில் நடந்தவளும் அதைத்தான் போட்டிருந்தாள். என் உயரம். இடது தோளைக் கொஞ்சம் இறக்கி நடந்தாள், நான் அப்படித்தான் நடப்பேன் என்று நிவேதா கேலி செய்வாள். நம்பினால் நம்புங்கள், நான் குனிந்து என் உடம்பைப் பார்த்தேன். ஸ்வெட்டர் என் மேல்தான் இருந்தது, சேறு அப்பிக்கொண்டு, ஈரமாக.

“கலா!” என்று இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

கலா நின்றாள். சத்தியமாக நின்றாள். நான் இருக்கிற பக்கம் திரும்பிப் புதரை உற்றுப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். அப்போது பக்கத்தில் இருந்தவள் கலாவின் தோளில் கை போட்டு, மெதுவாக, குழந்தையைத் திருப்புகிற மாதிரி அவளைத் திருப்பி நடத்திக்கொண்டு போனாள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்காததே நல்லது என்று இப்போது தோன்றுகிறது.

பனி மறுபடி மூடிக்கொண்டது. விசில் சத்தம் தூரமாய்ப் போய், அப்புறம் அதுவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் தண்ணீர் ஏறத் தொடங்கியது. சத்தமே இல்லாமல் ஏறியது. வேர்களின் நுனி ஒவ்வொன்றாக முழுகியது, அதை வைத்துத்தான் தெரிந்தது. இடுப்பில் சில்லென்று இருந்தது, கொஞ்ச நேரத்தில் வயிற்றுக்கு வந்தது. சின்னச் சின்ன நண்டுகள் என் கை ஊன்றிய இடத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போயின. அழுகின முட்டை நாற்றம் மூக்கில் ஏறி வாயெல்லாம் அதே ருசி. தொண்டை கட்டும்வரை கத்தினேன். கத்திக் கத்தி ஒரு கட்டத்தில் என் குரலே எனக்கு வேறு யாரோடதோ மாதிரி கேட்டது.

நான் பயந்தது சாவுக்காக மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். லேபில் வேலை பார்க்கிறவளுக்கு உடம்பு என்ன என்று தெரியும். ஒரு ஆள் காணாமல் போனால் தேடுவார்கள், அந்த நம்பிக்கைதான் எல்லோருக்கும் கடைசி வரை இருக்கும். எனக்கு அது இல்லை. நான் காணாமல் போகவே இல்லையே. எட்டுப் பேர் வந்தார்கள், எட்டுப் பேர் போகிறார்கள். அவள் டெம்போவில் ஏறுவாள், மூலக்குளத்தில் இறங்குவாள், என் வீட்டைத் திறப்பாள், நிவேதா போன் செய்தால் எடுத்துப் பேசுவாள். “சாப்பிட்டியா கண்ணு” என்று கேட்பாள். என் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியுமா? இதை நினைத்ததும் எனக்கு ஒரு ஆவேசம் வந்து, சேற்றை நகத்தால் பறித்தேன், பறிக்கப் பறிக்கத் தண்ணீர்தான் வந்து நிரம்பியது. தண்ணீர் மார்புக்கு வந்தது. அருள் நிறைந்த மரியே என்று ஆரம்பித்தேன், பாதியில் அடுத்த வரி மறந்துபோனது. சின்ன வயதிலிருந்து சொல்கிற செபம். மறந்துபோனது. “மாதாவே, நான் இங்க இருக்கேன், நான் இங்கதான் இருக்கேன்” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் தோளுக்கு வந்தபோதுதான் துடுப்புச் சத்தம்.

நண்டு வலை எடுக்க வந்த வீராம்பட்டினத்துப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர், ஒரு சின்னப் படகில். அந்த அம்மாதான் முதலில் பார்த்தது. “ஐயோ, இங்க ஆளு இருக்குது!” என்று கத்தினாள்.

“யம்மா, ஆடாத, கால ஆட்டாத” என்றார் அவர். “அப்பிடியே மல்லாக்கச் சாஞ்சிக்க. தண்ணி தாங்கும். பயப்படாத.”

படகிலிருந்த பலகையை எடுத்து என் முதுகுக்குப் பின்னால் போட்டார். அதன்மேல் சாயவைத்து, அவர் தண்ணீருக்குள் கையை விட்டு என் காலைச் சுற்றிச் சேற்றைத் தோண்டித் தோண்டி இளக்கினார், அந்த அம்மா என் அக்குளில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். ஒரு கால் வர எவ்வளவோ நேரம் ஆனது. இரண்டு ஷூவும் உள்ளேயே போய்விட்டது. படகில் என்னைப் புரட்டிப் போட்டபோது எனக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

“தண்ணி ஏறினாத்தான் இந்த வாய்க்காலுக்குள்ள படகு நொழையும், இல்லன்னா யாரும் வந்திருக்க மாட்டோம்” என்றார் அவர்.

அந்த அம்மா என் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே, “ஒங்க ஆளுங்கதான் கரை மேல போனாங்களே, அவங்க பாக்கலியா?” என்று கேட்டாள்.

“எத்தன பேரு போனாங்க?” என்றேன்.

“எட்டு பேரு. நண்டு வேணுமான்னு நான்தான கேட்டேன். இதே மாதிரி நீல சொட்டர் போட்ட அம்மாதான் வேணான்னு கைய ஆட்டிச்சு.” சொல்லிவிட்டு என் ஸ்வெட்டரைப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். “ஒங்க தங்கச்சியா?”

எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை.

ரோட்டுப் பாலத்துக்குக் கிட்ட ஒரு டீக்கடை, நடை முடித்து அங்கேதான் டீ குடிப்பதாக ஏற்பாடு. படகைக் கரையில் ஏற்றி இரண்டு பேரும் என்னைக் கைத்தாங்கலாக மேலே கொண்டுவந்தார்கள். குழு மொத்தமும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. ஏழு பேர். ஏழு பேரும் ஒன்றாக எழுந்தார்கள்.

கலா ஓடிவந்தாள். “அய்யய்யோ, கால் கழுவிட்டு வரேன்னுதான போன! இன்னாடி இது, அதுக்குள்ள தண்ணியில வுழுந்துட்டியா?”

“எப்ப போனேன்?”

“இப்பதான். அஞ்சு நிமிஷம்கூட ஆகல. பாரு, ஒன் டீ.”

பெஞ்சு ஓரத்தில் ஒரு கிளாஸ் இருந்தது, பாதி குடித்தது. பக்கத்தில் என் போன், சேறு படாமல். கிளாஸைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

படகுக்காரர் விடவில்லை. “இன்னா அஞ்சு நிமிஷம்? அர மணி நேரத்துக்கு மேல இந்தம்மாவ இழுத்துக்கினு இருந்தோம் நாங்க. கழுத்து வரைக்கும் தண்ணி. ஆள வுட்டுட்டு டீ குடிக்கிறீங்களே, நீங்கல்லாம் மனுசங்களா?” என்று சண்டைக்கே வந்துவிட்டார். சொல்தா அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எல்லோரையும் விரல் நீட்டி எண்ணினார், மறுபடி எண்ணினார். “வழி முழுக்க நாலு தரம் எண்ணினேன். எட்டு பேரு சரியா இருந்தது” என்றார். அதற்கப்புறம் அவர் எங்களை எங்கேயும் கூட்டிப்போகவில்லை. விசிலையும் கழற்றிவிட்டார்.

மற்றவர்கள் அவர்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். பிலோமினா கால் கழுவப் போய் விழுந்துவிட்டாள், அதிர்ச்சியில் உளறுகிறாள், படகுக்காரன் காசுக்காகக் கூட்டிச் சொல்கிறான். அவர் ஒரு பைசா கேட்கவும் இல்லை, கொடுத்தும் வாங்கவில்லை, ஆனால் அதை யார் கேட்கிறார்கள்.

வீட்டு வாசலில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். உள்ளே யாராவது இருந்தால்? திறந்தேன். ஒருவரும் இல்லை. போட்டது போட்டபடி இருந்தது. அன்றைக்கே நிவேதாவை வரச்சொல்லி அழுதேன். அவள் வந்து நாலு நாள் இருந்தாள், டாக்டரிடம் கூட்டிப்போனாள், தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள்.

கலாவிடம் தனியாகக் கேட்டேன். புதருக்குள் யாரோ கத்தியது காதில் விழவில்லையா என்று.

“வுழுந்துது” என்றாள். “என் பேரச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரிகூட இருந்துது. நின்னேனே. நீதான், நண்டு புடிக்கிறவங்க ஒருத்தர ஒருத்தர் கூப்புடுறாங்க, வாடின்னு தோள்ல கைபோட்டு இட்டுக்கினு வந்த.”

அதைக் கேட்டபிறகு பல நாள் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஆனால் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள். ஈஸ்டருக்குப் பலகாரம் எடுத்துக்கொண்டு போனேன். தையல் மிஷினுக்கு எதிரில் உட்கார்ந்து, என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னேன். “கலா, உன் வீட்டு விஷயத்த வெளிய சொன்னது தப்புடி, என்ன மன்னிச்சிடு.”

அவள் மிஷினை நிறுத்தாமலே சிரித்தாள். “அதத்தான் அன்னைக்குக் கரை மேலயே கேட்டுட்டியே. என் கையப் புடிச்சிக்கினு அப்பிடி அழுத. அன்னைக்கு நீ பேசின மாதிரி யாரும் என்கிட்ட பேசினதில்ல பிலோ.”

அழுதது நான் இல்லை என்று சொன்னேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அந்த ஒரு மணி நேரம் கிடைத்த தோழியை அவள் விடத் தயாராக இல்லை, அது எனக்குப் புரிந்தது, அதற்கு மேல் நான் வாதாடவும் இல்லை.

இது நடந்து கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகிறது. மழை விட்டுவிட்டது, காலையில் பனி இறங்க ஆரம்பித்திருக்கிறது. போன வாரம் கலா வீட்டுக்கு வந்தாள். புதிதாக ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்திருந்தாள், என் அளவு.

“எதுக்குடி?” என்றேன்.

“ஒன்ன வீராம்பட்டினம் கூட்டிக்கினு போகணும்ல.”

“என்ன கொன்னாலும் அங்க வரமாட்டேன்.”

“அப்பிடித்தான் சொல்லுவன்னு நீயே சொன்ன.” ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்து என் காலடியில் வரிசையாக வைத்தாள். “அன்னைக்குக் கரையில வரும்போது என்கிட்ட சத்தியம் வாங்கின. அடுத்த மார்கழிக்கு ஒன்ன அதே எடத்துக்குக் கூட்டிக்கினு வரணும்னு. நான் வரமாட்டேன்னு சொல்லுவேன், அழுவேன், ஏதேதோ கத சொல்லுவேன், நீ எதையும் நம்பாத, எப்பிடியாவது இட்டுக்கினு வந்துடுன்னு சொன்ன. இத்தினி நாளா நீயே கேப்பன்னு பாத்தேன். மறந்துட்டியா?”

கலா நல்லவள். தீபாவளிக்கு முந்தின நாள் இரவு எத்தனை மணியானாலும் சொன்ன துணியைச் சொன்னபடி தைத்துக் கொடுத்துவிடுவாள், வாக்கு தவறி நான் பார்த்ததில்லை. நான் நிவேதாவிடம் சென்னைக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன், அவளுக்கும் வீடு மாற்ற ஒரு மாதம் வேண்டுமாம்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது கலா கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள்.

“ஞாயித்துக்கெழம விடியக்காத்தால வரேன், டெம்போ சொல்லிட்டேன்” என்றாள்.

“நான் வரலடி” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“தெரியும்” என்றாள் கலா, என் கையைப் பிடித்துக்கொண்டு.